வீட்டில் மிட்டாய் செய்தல்

வீட்டில் மிட்டாய் செய்தல் என்பது சர்க்கரை, வெல்லம், பால், வெண்ணெய், நிலக்கடலை முதலிய கொட்டைகள், சாக்கலேட் ஆகியவற்றைக் கொண்டு, ஆலைப் பொறிகளின் துணையின்றி, வீட்டு அடுப்பிலேயே கேரமல், கடலை மிட்டாய், சாக்கலேட் போன்ற இனிப்புகளை ஆக்கும் முறையாகும். பார்வைக்கும் சுவைக்கும் இவை ஒன்றுக்கொன்று தொடர்பற்றவையாகத் தோன்றும். ஆயினும் இவை அனைத்தின் இயல்பையும் இரண்டு செய்திகளே பெரிதும் முடிவு செய்கின்றன. ஒன்று, பாகில் எஞ்சியிருக்கும் நீரின் அளவு. மற்றொன்று, ஆறும்பொழுது அதில் படிகங்கள் உருவாகும் விதம். "கிளறக் கூடாது", "சொட்டு நீர்கூடப் படக் கூடாது", "சூடாக இருக்கும்பொழுதே வெட்ட வேண்டும்" என்று சமையற் குறிப்புகளில் காணப்படும் கட்டளைகளிற் பெரும்பாலானவை இவ்விரண்டையும் கட்டுப்படுத்துவதற்காக ஏற்பட்டவையே. காரணம் தெரிந்தவர்க்கு அளவுகளை மாற்றிக்கொள்வதும், கெட்டுப்போனதைத் திருத்துவதும் எளிதாகும்.

சொற்கள்

மிட்டாய் என்ற சொல் இனிப்புப் பண்டத்தைக் குறிக்கும் இந்திச் சொல்லின் வழியே தமிழுக்கு வந்தது. கற்கண்டு என்பதில் உள்ள "கண்டு", துண்டு அல்லது கட்டி எனப் பொருள்படும் வடமொழிக் "கண்டம்" என்பதன் திரிபு ஆகும். இதே சொல் பாரசீகம், அரபு வழியாக ஐரோப்பாவை அடைந்து, ஆங்கிலத்தில் மிட்டாயைக் குறிக்கும் "கேண்டி" ஆயிற்று. எனவே கற்கண்டும் கேண்டியும் உறவுச் சொற்களே.

இக்கட்டுரையில் சர்க்கரை என்பது வெள்ளைச் சர்க்கரையைக் குறிக்கிறது. தமிழ்நாட்டின் தென் மாவட்டங்களிலும் இலங்கையிலும் இது சீனி எனப்படும். சர்க்கரைப் பொங்கல் வெல்லத்தால் செய்யப்படுவதை நினைவிற் கொண்டால், பழைய வழக்கில் சர்க்கரை என்ற சொல் எதைக் குறித்தது என்பது விளங்கும்.

பாகும் பதமும்

தூய நீர் கடல் மட்டத்தில் 100 °செ வெப்பநிலையில் கொதிக்கும். அதில் சர்க்கரை கரைந்திருந்தால் கொதிநிலை உயரும். கரைசல் அடர்த்தியாக அடர்த்தியாகக் கொதிநிலை மேலும் உயர்கிறது. ஆகவே கொதிக்கும் பாகின் வெப்பநிலையை அளந்தால், அதில் இன்னும் எவ்வளவு நீர் இருக்கிறது என்பதை அறிந்துகொள்ளலாம். மிட்டாய் செய்வோர் வெப்பமானி வைத்துக்கொள்வதன் நோக்கம் இதுவே. அவர்கள் உண்மையில் அளப்பது சூட்டை அன்று, நீரை.

நம் சமையலில் வழங்கும் பதங்கள் இந்த அளவையே வெப்பமானியின்றிக் கூறுகின்றன. ஏறத்தாழ 105 °செ அளவில் விரல்களுக்கிடையே ஒரு கம்பியும், 110 °செ அளவில் உறுதியான இரு கம்பியும் நீளும். 112 முதல் 116 °செ வரையில் பாகின் ஒரு துளியைக் குளிர்ந்த நீரில் விட்டால் விரலால் உருட்டக்கூடிய மென்மையான உருண்டை கிடைக்கும். இது உருட்டுப் பதம். இந்நிலையில் பாகில் ஏறத்தாழ 15 விழுக்காடு நீர் உள்ளது. 118 முதல் 120 °செ வரையில் அவ்வுருண்டை சற்று விறைப்பாகி, அழுத்தினால் மெல்ல வளைந்து கொடுக்கும். 121 முதல் 130 °செ வரையில் கெட்டியான உருண்டை உண்டாகும். 132 °செ கடந்தால் துளி உருண்டையாகாமல் இழைகளாக நீளும். அவ்விழைகள் முதலில் வளைந்து, பிறகே உடையும். 146 முதல் 154 °செ வரையில் இழை கண்ணாடி போல் "டக்" என்று ஒடியும். இப்போது எஞ்சியிருக்கும் நீர் ஒரு விழுக்காட்டை ஒட்டியதே. கடலை மிட்டாய்க்குப் பாகு வைப்போர், துளியை எவர்சில்வர்த் தட்டில் போட்டு "ணங்" என்ற ஒலி வருகிறதா என்று பார்ப்பது இந்நிலையை அறிவதற்கே.

இங்கு புதியவர்கள் ஏமாறுவது ஒன்றுண்டு. தொடக்கத்தில் நீர் நிறைய இருப்பதால், அடுப்பு தரும் வெப்பத்தின் பெரும்பகுதி நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிறது. வெப்பநிலை நெடுநேரம் நகராமல் நிற்பது போல் தோன்றும். நீர் குறைந்த பின்னர் அதே வெப்பம் பாகைச் சூடாக்குவதில் செலவாகிறது. ஆகையால் 105 °செ வரை பொறுமையைச் சோதித்த பாகு, 130 °செ கடந்தபின் சில நொடிகளிலேயே பதத்தைத் தாண்டிவிடும். 120 °செ அளவிலேயே தீயைக் குறைத்துவிடுவது நன்று. தடித்த அடிப்பகுதியுள்ள பாத்திரத்தில் அடுப்பை அணைத்த பிறகும் சூடு சில பாகைகள் ஏறும். பதத்தைத் தாண்டிய பாகு கருகவில்லையெனில், அதில் சிறிது வெந்நீர் சேர்த்துக் கரைத்து மீண்டும் காய்ச்சலாம்.

உயரமான இடங்களில் வெப்பமானி

மேற்கூறிய வெப்பநிலைகள் கடல் மட்டத்துக்கு உரியவை. ஏறத்தாழ ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் நீரின் கொதிநிலை ஒரு பாகை குறைகிறது. ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள உதகமண்டலத்தில் நீர் 93 °செ அளவிலேயே கொதிக்கும். இலங்கையின் நுவரெலியாவில் இது 94 °செ அளவில் இருக்கும். எனவே உதகையில் ஒருவர் நூலில் உள்ளபடி 120 °செ வரை பாகைக் காய்ச்சினால், அவருக்குக் கிடைப்பது சென்னையில் 127 °செ அளவில் கிடைக்கும் பாகு. அது கேரமலுக்கு ஆகாது. பல்லுக்கும் ஆகாது.

இதற்குத் தீர்வு எளிது. செய்யும் நாளன்று வெறும் நீரைக் கொதிக்க வைத்து, அதில் வெப்பமானி காட்டும் அளவைக் குறித்துக்கொள்ள வேண்டும். அது 93 எனக் காட்டினால், குறிப்பில் உள்ள பாகு வெப்பநிலைகள் அனைத்திலிருந்தும் 7 பாகையைக் கழிக்க வேண்டும். வெப்பமானியே சிறிது தவறாகக் காட்டுவதாயினும், அப்பிழையும் இதிலேயே பெரும்பாலும் நேராகிவிடும். தண்ணீரில் துளி விட்டுப் பார்க்கும் முறைக்கு இத்தகைய திருத்தம் ஏதும் வேண்டியதில்லை என்பது குறிப்பிடத்தக்கது. அம்முறை பாகின் தன்மையை நேரடியாகக் காண்கிறது. உயரம் அதைப் பாதிப்பதில்லை. அதே வேளையில் சர்க்கரை பழுப்பாகும் வெப்பநிலையும், பின்னர் வரும் சாக்கலேட் வெப்பநிலைகளும் கொதிநிலையைச் சார்ந்தவை அல்ல. அவற்றைத் திருத்தக் கூடாது.

படிகமாதல்

சர்க்கரையின் வேதிப்பெயர் சுக்குரோசு. இது குளுக்கோசு, புருக்டோசு ஆகிய இரு எளிய சர்க்கரைகள் இணைந்த மூலக்கூறு ஆகும். அடர்ந்த பாகு ஆறும்பொழுது அதில் கரைந்திருக்கக்கூடிய அளவுக்கு மேல் சர்க்கரை இருக்கும். மீந்த மூலக்கூறுகள் ஒழுங்காக அடுக்கப்பட்டுப் படிகமாக முயலும். ஒரே ஒரு சர்க்கரை மணி வித்தாக அமைந்தாலும் போதும், பாத்திரம் முழுவதும் மணல் போலப் பூத்துவிடும். பாத்திரத்தின் பக்கச் சுவரில் ஒட்டிய மணி உள்ளே விழுவதாலோ, பாகைக் கரண்டியால் கலக்குவதாலோ இது நேரலாம். கொதி வந்தபின் கிளறக் கூடாது என்பதும், நனைத்த தூரிகையால் பக்கங்களை வழித்துவிட வேண்டும் என்பதும் இதனாலேயே.

இன்னொரு வழி, படிக அடுக்கில் பொருந்தாத வேறு சர்க்கரைகளைக் கலந்துவிடுவது. கேக் பொருட்கள் விற்கும் கடைகளில் கிடைக்கும் குளுக்கோசுப் பாகு இதற்குப் பயன்படுகிறது. அது கிடைக்காவிடில், கொதிக்கும் பாகில் சில துளி எலுமிச்சைச் சாறு சேர்க்கலாம். அமிலமும் சூடும் சேர்ந்து சுக்குரோசின் ஒரு பகுதியைக் குளுக்கோசாகவும் புருக்டோசாகவும் உடைக்கும். ஜாங்கிரிப் பாகில் எலுமிச்சை பிழியும் வழக்கத்தின் வேதியியல் இதுவே. பால் சேரும் மிட்டாய்களில் எலுமிச்சை கூடாது, பால் திரிந்துவிடும். வெல்லத்தில் இவ்வகைச் சர்க்கரைகள் இயல்பாகவே ஓரளவு உள்ளன. ஆதலால் வெல்லப்பாகு வெள்ளைச் சர்க்கரைப் பாகைப் போல அவ்வளவு எளிதில் பூப்பதில்லை.

படிகம் எப்போதும் பகையன்று. இலங்கையில் டின் பாலும் சர்க்கரையும் முந்திரிப் பருப்பும் கொண்டு செய்யப்படும் மில்க் ரொபி, வாயில் மெல்லிய மணலாக நொறுங்குவதுதான் அதன் சிறப்பு. அங்கு உருட்டுப் பதம் வந்தபின் விடாமல் கிளறுவர். கிளறக் கிளறப் படிகங்கள் எண்ணிக்கையிற் பெருகி, ஒவ்வொன்றும் அளவிற் சிறுத்துவிடும். கிளறாமல் விட்டால் சில படிகங்கள் மட்டும் பெரிதாக வளர்ந்து பல்லில் நெறுநெறுக்கும். எந்த மிட்டாய்க்குக் கிளற வேண்டும், எதற்குக் கூடாது என்ற குழப்பம் பலருக்கும் உண்டு. படிகம் வேண்டுமா வேண்டாமா என்று கேட்டுக்கொண்டால் விடை தானே கிடைக்கும்.

கேரமல்

கேரமல் என்ற சொல் இரு பொருள்களில் வழங்குகிறது. சர்க்கரையைத் தனியே ஏறத்தாழ 160 முதல் 170 °செ வரையும் அதற்கு மேலும் சூடாக்கும்பொழுது மூலக்கூறுகள் சிதைந்து, பழுப்பு நிறமும் நூற்றுக்கணக்கான மணச்சேர்மங்களும் தோன்றுகின்றன. இந்நிகழ்வும் இதனாற் கிடைக்கும் பொருளும் கேரமல் எனப்படும். பாலேடும் வெண்ணெயும் சேர்த்துச் செய்யும் மெல்லக்கூடிய மிட்டாயும் கேரமலே. இரண்டாவதில் பாகு 120 °செ அளவையே தொடுகிறது. ஆயினும் அது பழுப்பாகிறது. அங்கு நிகழ்வது பெரும்பாலும் வேறொரு வினை. பாற்புரதங்களும் சில எளிய சர்க்கரைகளும் சூட்டில் வினைபுரிவதால் அந்நிறம் உண்டாகிறது. 1912-ல் இதனை விளக்கிய பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமீல் மயார் என்பவரின் பெயரால் இது மயார் வினை எனப்படுகிறது. ரொட்டி மேலோட்டின் நிறத்துக்கும், நெடுநேரம் சுண்டக் காய்ச்சிய திரட்டுப்பாலின் நிறத்துக்கும் காரணம் இதுவே.

வீட்டில் செய்ய 200 கிராம் சர்க்கரை, 80 கிராம் குளுக்கோசுப் பாகு, 200 மில்லிலீட்டர் பாலேடு, 50 கிராம் வெண்ணெய், ஒரு சிட்டிகை உப்பு ஆகியவை போதும். அடி கனத்த பாத்திரம் வேண்டும். அது பொருளின் அளவைப்போல் நான்கு மடங்கு கொள்வதாக இருத்தல் நல்லது. சர்க்கரையையும் குளுக்கோசுப் பாகையும் சிறிது நீருடன் கரைத்து, கிளறாமல் தேன்நிறம் வரும் வரை காய்ச்ச வேண்டும். வேறு பாத்திரத்தில் பாலேட்டைச் சூடாக்கி வைத்திருந்து, அடுப்பை அணைத்துவிட்டு, அதைச் சிறிது சிறிதாகப் பாகில் ஊற்ற வேண்டும். குளிர்ந்த பாலேட்டை ஊற்றினால் பாகு பாறையாகக் கட்டிக்கொள்ளும். சூடான பாலேடும் பொங்கத்தான் செய்யும். பெரிய பாத்திரம் வேண்டியது இதற்காகவே. பின்னர் வெண்ணெயும் உப்பும் சேர்த்து, இப்போது அடிபிடிக்காதபடி கிளறிக்கொண்டே, 118 முதல் 120 °செ வரை காய்ச்சி, நெய் தடவிய பட்டர் பேப்பர் விரித்த தட்டில் ஊற்றி ஆறவிட வேண்டும். ஆறிய பின் எண்ணெய் தடவிய கத்தியால் வெட்டலாம். வெண்ணெயும் பாற்புரதமும் குளுக்கோசும் படிகத்தைத் தடுத்துவிடுவதால் இங்கே கிளறுவதால் தீங்கில்லை.

சூடு இரண்டு மூன்று பாகை வேறுபட்டாலே கேரமல் மாறிவிடும். 115 °செ அளவில் நிறுத்தினால் கரண்டியால் எடுத்து உண்ணும் பதம். 125 °செ அளவில் கடினமான டாபி. நம் ஊர்க் கோடையில் மென்மையான கேரமல் உருவம் இழந்து பரவுவதால், 121 °செ வரை காய்ச்சுவது ஏற்றதாகும்.

உப்புச் சேர்ந்த வெண்ணெயால் செய்யப்படும் கேரமல், பிரான்சின் பிரித்தானி பகுதிக்கு உரியது. இப்பகுதி பழைய பிரெஞ்சு அரசின் கடுமையான உப்பு வரியிலிருந்து விலக்குப் பெற்றிருந்தது. அதனால் வெண்ணெயில் தாராளமாக உப்பிடும் வழக்கம் அங்கு நிலைத்தது. கிபெரோன் என்ற ஊரில் ஆன்ரி லெ ரூ என்ற மிட்டாய்க் கலைஞர் 1977-ல் உருவாக்கிய உப்பு வெண்ணெய்க் கேரமல் பின்னர் உலகெங்கும் பரவியது.

கடலை மிட்டாய்

கொட்டைகளைக் கடினமான பாகில் பிணைக்கும் மிட்டாய்கள் பல நாடுகளில் உள்ளன. மகாராட்டிரத்தின் லோனாவளாவில் சிக்கி, பிரான்சில் வாதுமைப் பருப்பால் செய்யும் பிரலின் ஆகியவை இவ்வகையின. தமிழ்நாட்டில் தூத்துக்குடி மாவட்டக் கோவில்பட்டியின் கடலை மிட்டாய் பெயர்பெற்றது. இதற்கு 2020-ல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. எள்ளுருண்டை, பொரி உருண்டை, தேங்காயும் வெல்லமும் சேர்ந்த கமர்கட்டு ஆகியவையும் இதே பாகின் பிள்ளைகளே.

நிலக்கடலை தென் அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்டது. தாவரவியலின்படி இது கொட்டை அன்று, அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த பயறு. 250 கிராம் கடலைக்கு 200 கிராம் வெல்லம், 50 மில்லிலீட்டர் நீர் என்பது வீட்டுக்கு ஏற்ற அளவு. கடலையை நடுத்தரத் தீயில் உள்வரை சிவக்க வறுத்து, தேய்த்துத் தோலை நீக்கி, முறத்தில் புடைத்து, இரண்டாக உடைத்துக்கொள்ள வேண்டும். அதிக தீயில் வறுத்தால் வெளியே கருகி உள்ளே பச்சை வாடை நிற்கும். வெல்லத்தை நீரில் கரைத்துக் கட்டாயம் வடிகட்ட வேண்டும். மணலும் கரும்புச் சக்கையும் இல்லாத வெல்லம் அரிது. வடித்த பாகை மீண்டும் அடுப்பிலேற்றி, தட்டில் "ணங்" என்று ஒலிக்கும் பதம் வரை காய்ச்ச வேண்டும். ஏலக்காயும் சுக்கும் இறக்கும்பொழுது சேர்க்கப்படும்.

கடலை இளஞ்சூடாக இருக்கும்பொழுதே பாகில் சேர வேண்டும். ஆறிய கடலை பாகின் சூட்டை உறிஞ்சி, கலப்பதற்குள் அதை இறுக்கிவிடும். நெய் தடவிய பலகையில் கொட்டி, பூரிக் கட்டையால் தேய்த்து, ஓரிரு நிமிடங்களுக்குள் வெட்டுக்குறி இட்டுவிட வேண்டும். உருண்டை பிடிப்பவர்கள் கையில் அரிசி மாவைத் தொட்டுக்கொள்வர்.

மிட்டாய் பல்லில் ஒட்டுகிறது என்றால் பாகு முற்றவில்லை என்பதே பெரும்பாலும் காரணம். பழைய, ஈரமேறிய வெல்லமும் இவ்வாறு செய்யும். அதில் உடைந்த சர்க்கரைகள் மிகுந்திருக்கும். அவை காற்றின் ஈரத்தை இழுக்கும் தன்மையுடையவை.

மேனாட்டுக் கடலை மிட்டாய் வெள்ளைச் சர்க்கரையால் ஆனது. 200 கிராம் சர்க்கரை, 100 கிராம் குளுக்கோசுப் பாகு, 60 மில்லிலீட்டர் நீர் ஆகியவற்றைக் காய்ச்சி, 120 °செ கடந்தபின் பச்சைக் கடலையையே சேர்த்து, பாகிலேயே வறுபடவிடுவர். 150 °செ வந்ததும் இறக்கி, சிறிது வெண்ணெயும் அரைத் தேக்கரண்டி சமையல் சோடாவும் கலப்பர். சோடா சூட்டில் சிதைந்து கார்பன் டைஆக்சைடை வெளியிடும். அதன் நுண்ணிய குமிழிகள் பாகில் சிக்கிக்கொள்வதால் மிட்டாய் பல்லுக்கு இதமாக நொறுங்குகிறது. சோடாவின் காரத்தன்மை பழுப்பு நிறத்தையும் கூட்டும்.

சாக்கலேட்

இதுவரை கூறியவற்றில் கவலை சர்க்கரைப் படிகத்தைப் பற்றியது. சாக்கலேட்டில் அக்கவலை கோக்கோ வெண்ணெயின் படிகத்துக்கு இடம் மாறுகிறது.

கோக்கோ விதைகளைப் புளிக்கவைத்து, உலர்த்தி, வறுத்து, அரைத்தால் கிடைக்கும் கூழில் பாதியளவு கொழுப்பு. 1828-ல் நெதர்லாந்தின் வான் ஊட்டன் நிறுவனத்தார் இக்கொழுப்பைப் பிழிந்தெடுக்கும் அழுத்தப்பொறிக்குக் காப்புரிமை பெற்றனர். பிழிந்தபின் எஞ்சிய பிண்ணாக்கின் பொடியே கோக்கோத் தூள். பிழிந்தெடுத்த கோக்கோ வெண்ணெயை மீண்டும் கோக்கோக் கூழுடனும் சர்க்கரையுடனும் சேர்த்து, 1847-ல் இங்கிலாந்தின் பிரிசுட்டல் நகரத்து ஃபிரை நிறுவனம் கடித்துண்ணும் சாக்கலேட்டை உருவாக்கியது. 1875-ல் சுவிட்சர்லாந்தில் தானியேல் பீட்டர் பால் சாக்கலேட்டையும், 1879-ல் ரொடால்ஃப் லிண்ட் நெடுநேரம் பிசைந்து மென்மையாக்கும் பொறியையும் உருவாக்கினர். தமிழ்நாட்டில் பொள்ளாச்சிப் பகுதியில் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராகக் கோக்கோ பயிரிடப்படுகிறது.

கோக்கோத் தூள், பால்தூள், சர்க்கரைப் பாகு ஆகியவற்றைக் கிளறி வீட்டில் சாக்கலேட் செய்யலாம் என்று பல குறிப்புகள் கூறுகின்றன. அதனாற் கிடைப்பது சுவையான பண்டமே. ஆயினும் அது பர்பி வகையைச் சேர்ந்தது, சாக்கலேட் அன்று. கோக்கோத் தூளில் கோக்கோ வெண்ணெயின் பெரும்பகுதி ஏற்கெனவே நீக்கப்பட்டுள்ளது. "பட்" என்று ஒடிவதும், நாவில் பட்டதும் உருகுவதும் அக்கொழுப்பின் பண்புகளாதலால், எவ்வளவு கிளறினாலும் அவை வாரா. வீட்டில் செய்யத்தக்கது, ஆயத்தமான சாக்கலேட் கட்டியை முறையாக உருக்கி, பதமூட்டி, கொட்டைகளோ கேரமலோ சேர்த்து வார்ப்பதாகும். உதகையின் கடைகளில் கிடைக்கும் "ஹோம்மேட்" சாக்கலேட்டுகளும் பெரும்பாலும் இம்முறையில் செய்யப்படுபவையே. மலையின் குளிர் அத்தொழிலுக்கு வாய்த்த இயற்கைக் குளிரூட்டி.

கோக்கோ வெண்ணெய் ஆறு வகைப் படிகங்களாக உறையக்கூடியது. அவற்றுள் ஐந்தாம் வகையே விரும்பத்தக்கது. அது ஏறத்தாழ 34 °செ வெப்பநிலையில் உருகும். அறையில் திண்மமாக இருந்து வாயில் உருகுவதற்கு இதைவிடப் பொருத்தமான உருகுநிலை அமைய முடியாது. முதல் நான்கு வகைகளும் இதற்குக் கீழேயே உருகிவிடும். அவற்றால் ஆன சாக்கலேட் மங்கலாகவும் மெழுகு போலவும் இருக்கும், கைபட்டதும் பிசுபிசுக்கும். சில நாட்களில் மேலே சாம்பல் பூத்தது போல வெண்மை படரும். இது பூஞ்சை அன்று, கொழுப்பு மேலேறிப் படிகமானதே. உண்ணத் தீங்கில்லை.

ஐந்தாம் வகையை மட்டும் வரவழைப்பதே பதமூட்டல் எனப்படும். வீட்டில் எளிய வழி வித்திடும் முறை. 300 கிராம் கறுப்புச் சாக்கலேட்டைச் சீவி, அதில் 200 கிராமை இளஞ்சூட்டு நீர் உள்ள பாத்திரத்தின் மேல் வைத்த கிண்ணத்தில் 45 முதல் 50 °செ வரை உருக்க வேண்டும். பழைய படிகங்கள் யாவும் இதில் மறைந்துவிடும். பின்பு கிண்ணத்தை இறக்கி, அடியை நன்கு துடைத்துவிட்டு, மீதி 100 கிராமைச் சிறிது சிறிதாகச் சேர்த்துக் கிளறிக்கொண்டே 31 முதல் 32 °செ வரை ஆறவிட வேண்டும். கடையில் வாங்கிய கட்டி ஏற்கெனவே பதமூட்டப்பட்டதாதலால், அதன் ஐந்தாம் வகைப் படிகங்கள் வித்தாக அமைந்து மற்றவற்றையும் அவ்வாறே அடுக்கும். பால் சாக்கலேட்டுக்கு 29 முதல் 30 °செ போதும். கத்திமுனையில் தோய்த்து வைத்தால், 20 °செ அளவுள்ள அறையில் சில நிமிடங்களில் பளபளப்பாக இறுக வேண்டும். இறுகாவிடில் இன்னும் சிறிது வித்துச் சேர்த்துக் கிளற வேண்டும். 35 °செ கடந்துவிட்டால் வித்துகள் உருகிவிடும், மீண்டும் தொடங்க வேண்டியதுதான்.

சமவெளியில் கோடையில் அறையே 34 °செ இருக்கும்பொழுது இவை எதுவும் நடவாது. குளிரூட்டிய அறையோ, மார்கழி தை மாதங்களின் விடியற்காலையோ வேண்டும். வார்த்த சாக்கலேட்டைக் குளிர்பெட்டியில் 10 முதல் 15 நிமிடங்கள் வைக்கலாம். நெடுநேரம் வைத்து வெளியே எடுத்தால் அதன்மேல் நீர் வியர்க்கும். அந்நீர் சர்க்கரையைக் கரைத்து, பின் உலரும்பொழுது சொரசொரப்பான வெள்ளைப் படலத்தை விட்டுச்செல்லும்.

உருகிய சாக்கலேட்டில் சில துளி நீர் விழுந்தால் அது திடீரெனக் கரகரப்பான களியாகிவிடும். கொழுப்பில் மிதக்கும் சர்க்கரைத் துகள்கள் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதே காரணம். நீராவியும் இதைச் செய்யும். எனவே கிண்ணத்தின் அடியிலுள்ள நீர் கொதிக்கக் கூடாது. இவ்வாறு கெட்டதைத் தூர எறிய வேண்டியதில்லை. இன்னும் சில கரண்டி சூடான பாலோ பாலேடோ சேர்த்தால் அது மீண்டும் வழவழப்பாகி, கேக்கின் மேல் ஊற்றவோ பாலிற் கலக்கவோ உதவும். கட்டியாக மட்டும் வார்க்க முடியாது.

கோக்கோ வெண்ணெய்க்குப் பதிலாக வேறு தாவரக் கொழுப்புச் சேர்ந்த "காம்பவுண்டு" கட்டிகளுக்குப் பதமூட்டல் தேவையில்லை. வெப்ப நாட்டுக்கு வசதியானதே, ஆயினும் வாயில் மெழுகுப் படலம் எஞ்சும். வாங்கும்பொழுது பொதியில் கோக்கோ வெண்ணெய் எனக் குறிப்பிடப்பட்டுள்ளதா எனப் பார்ப்பது நன்று.

பாதுகாப்பு

150 °செ வெப்பநிலையில் உள்ள பாகு கொதிநீரைவிடப் பன்மடங்கு கொடியது. கொதிநீர் தோலில் பட்டு வழிந்துவிடும். பாகு ஒட்டிக்கொண்டு, தன் சூடு முழுவதையும் அங்கேயே இறக்கும். எனவே பாகு காயும்பொழுது சிறுவர்கள் அருகில் இருக்கக் கூடாது. விரலால் தொட்டுச் சுவைக்கவும் கூடாது. பக்கத்தில் ஒரு பெரிய பாத்திரத்தில் குளிர்ந்த நீர் வைத்திருப்பது நல்லது. பட்டுவிட்டால் உடனே அவ்விடத்தை நீரில் அமிழ்த்தி, பின்னர் ஓடும் நீரில் 20 நிமிடங்கள் காட்ட வேண்டும். பனிக்கட்டி, பற்பசை, எண்ணெய், மை ஆகியவற்றைத் தடவக் கூடாது. தோலோடு ஒட்டி இறுகிய பாகைப் பிய்க்காமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

நிலக்கடலையில் ஈரம் இருந்தால் அசுப்பெர்சில்லசு பிளாவசு என்ற பூஞ்சை வளர்ந்து அஃபிளாடாக்சின் என்னும் நஞ்சை உண்டாக்கலாம். 1960-ல் இங்கிலாந்தில் ஏராளமான வான்கோழிகள் மடிந்தபோது, அவற்றுக்கு இடப்பட்ட கடலைப் பிண்ணாக்கை ஆராய்ந்ததில் இந்நஞ்சு கண்டறியப்பட்டது. இது கல்லீரல் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடியது. வறுப்பதால் குறையுமே தவிர முழுதும் அழியாது. சுருங்கிய, நிறம் மாறிய, கசக்கும் கடலைகளை வறுக்கும் முன்பே பொறுக்கி எறிய வேண்டும். ஒரு கசப்புக் கடலைக்காக வாயிலுள்ளதைத் துப்பும் நம் வழக்கம் நியாயமானதே.

நிலக்கடலை, முந்திரி, வாதுமை ஆகியவை சிலருக்கு உயிரையே மாய்க்கும் ஒவ்வாமையை உண்டாக்குகின்றன. மிகச் சிறிய துகளும் போதும். வீட்டு மிட்டாய்க்குப் பொதியும் எழுத்தும் இல்லாமையால், பிறர்க்குக் கொடுக்கும்பொழுது உள்ளிருப்பதைக் கூறுவது செய்தவரின் பொறுப்பாகும். கடலை சேராத மிட்டாயும் அதே பலகையில், அதே கத்தியால் வெட்டப்பட்டிருந்தால் அதையும் சொல்ல வேண்டும். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு முழுக் கொட்டைகள் மூச்சுக்குழலில் சிக்கக்கூடும். நாய்களுக்குச் சாக்கலேட் நஞ்சு. அதிலுள்ள தியோபுரோமினை அவற்றின் உடல் விரைவில் வெளியேற்ற இயலாது.

சேமிப்பு

கடினமான பாகு காற்றின் ஈரத்தை விரைந்து உறிஞ்சும். கடலை மிட்டாயும் கேரமலும் ஆறியவுடனே தனித்தனித் தாளில் சுற்றப்பட்டு, காற்றுப் புகாத டப்பாவில் வைக்கப்பட வேண்டும். மழைநாளில் செய்யாதிருப்பது நன்று. கடலை மிட்டாய் சில வாரங்கள் தாங்கும். பிறகு சர்க்கரை கெடுவதில்லை, கடலையின் எண்ணெய்தான் சிக்கு வாடை அடிக்கும். பாலேடு சேர்ந்த கேரமல் குளிர்பெட்டியில் இரண்டு வாரம் வரை நன்றாக இருக்கும். சாக்கலேட்டை மணமுள்ள பொருள்களுக்கு அருகில் வைக்கக் கூடாது, அதன் கொழுப்பு பிற மணங்களை எளிதில் ஏற்கும். இறுகிய பாகு ஒட்டிய பாத்திரத்தைச் சுரண்ட வேண்டியதில்லை. நீரூற்றிக் கொதிக்கவிட்டால் தானே கரைந்துவிடும்.